அவார்டுப் பாட்டு

மாவு மில்லில் ‘இன்றைக்கு ஓடாது’ என்று சொன்னால் மற்றவர்கள் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அக்கா திரும்ப மாட்டார்.

“ஏன் ஓடாது?”

“மோட்டார்ல கோளாறுக்கா.”

“என்ன கோளாறு?”

“காயில் எரிஞ்சு போச்சு.”

“அது எப்புடி எரிஞ்சுச்சு?”

மில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முந்தின நாள் கரண்ட் ஏறி இறங்கிய கதையைச் சொன்ன பிறகுதான் அக்கா சம்படத்தை இடுப்பில் வைப்பார். அந்தப் பதிலால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மாவு அரைபடாது. ஆனாலும் பாதிப் பதிலோடு ஓர் இடத்தை விட்டு நகர அவரால் முடியாது. டவுன் பஸ் நிற்காமல் போனால் அடுத்த நாள் அதே பஸ்ஸில் ஏறி, “நேத்து ஏன் நிக்காமப் போனீங்க?” என்று கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் சிரித்து மழுப்பினால் இறங்கும் இடம் வரை கேட்டுக்கொண்டே வருவார்.

திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டு மாடியில் நான் மூன்று வருடம் குடியிருந்தேன். அவர் கணவர் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்துக் கட்டிய வீடு. கீழே அக்கா தனியாக இருந்தார். மேலே நான் தனியாக இருந்தேன். எனக்கு இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. கணவனை விட்டுப் பிரிந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீடு கேட்டுப் போன அன்றே அக்கா என்னிடமும் தன் வேலையைக் காட்டினார்.

“ஏன் பிரிஞ்ச?”

“ஒத்து வரலக்கா.”

“ஒத்து வரலன்னா? அடிச்சாரா?”

“இல்ல.”

“குடியா?”

“இல்லக்கா.”

“அப்பறம்?”

வேறு யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் கேட்ட விதத்தில் வம்பு இல்லை. கணக்கு வாத்தியார் அடுத்த வரி என்ன என்று கேட்பது போலக் கேட்டார். “அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுச்சுக்கா. காரணம்னு ஒண்ணும் இல்ல, மூச்சு முட்டுச்சு, அவ்வளவுதான்” என்றேன். என் அம்மாவிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

“அதான் காரணம்னா அதைச் சொல்லு. ஒத்து வரலன்னு சொல்லாத” என்றார். சாவியைக் கொடுத்தார்.

அவரை அக்கா என்றும், அவர் கணவரை மாமா என்றும்தான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மாமாவை முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு குரலாகத்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு அங்கே லீவு. போன் போடுவார். அக்கா ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கீரை ஆய்வார். ‘ஹலோ’ என்றெல்லாம் மாமா சொல்ல மாட்டார். எடுத்ததும் பாட்டுத்தான்.

‘வேப்பம்பூ கொட்டுது வாசலிலே
வெயிலும் நெழலும் ஊசலிலே’

இவர்கள் கல்யாணம் நடந்த வருடம் வந்த சினிமாப் பாட்டு அது. பழைய காலத்து மெட்டு. வயலினும் நாதஸ்வரமும் குழைந்து வரும். படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. அதற்கு டெல்லியில் விருதும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு அது அவார்டுப் பாட்டு. அவருடைய கல்யாண வீடியோவில் மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய நிற்கும்போது பின்னால் அந்தப் பாட்டுத்தான் போகும். “நாங்க மொதல்லயே போட்டுட்டோம். டெல்லிக்காரவுகளுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுச்சு” என்பார், தானும் அதில் ஒரு கை வைத்தவர் மாதிரி. எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவாகப் பிடிக்காது. இனிப்பு ஜாஸ்தி என்று தோன்றும். அதை அக்காவிடம் சொன்னதில்லை. ஏன் என்று கேட்பாரே.

ஹாலில் ஒரு பையனின் படம் மாட்டியிருந்தது. பள்ளிக்கூட டை, ஒரு பக்கமாக வாரிய தலை, சந்தன மாலை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்று அக்காவாகவே சொன்னார். “எம் மகன். காய்ச்சல்ல போயிட்டான். ஒம்பது வயசு.” ஒரே பிள்ளை. நான் அங்கே குடிவருவதற்கு ஆறு வருடம் முன்னால் நடந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற பெண்ணிடம் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை என்பதைப் பிறகு கவனித்தேன்.

போனில் அக்கா எதையாவது அழுத்திக் கேட்டால் மாமாவிடம் ஒரு பதில் உண்டு. “வந்து பேசிக்கிருவோம்.” மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பலமுறை அது என் காதில் விழுந்திருக்கிறது. வேறு யார் சொன்னாலும் அக்காவிடம் எடுபடாத அந்தப் பதில் மாமா ஒருவருக்கு மட்டும் செல்லுபடியாயிற்று.

கொரோனா எல்லாம் அடங்கிய பிறகு மாமா ஒரேயடியாக ஊருக்கு வந்தார். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். என்னைப் பார்த்தால் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். அக்கா அந்த நாட்களில் மில்லிலும் பஸ்ஸிலும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. “என்னக்கா, பேசியாச்சா?” என்று நான் வேடிக்கையாகக் கேட்டபோது, “இருக்கட்டும்த்தா. மொதல்ல கொஞ்சம் ஒடம்பு தேறட்டும். இனிமே எங்க போயிறப் போறாரு” என்றார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையின் இடப் பக்கத்தில் இரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

முழுக்கப் போயிருந்தால்கூடத் தேவலை என்று அக்கா பின்னால் ஒருமுறை சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. ‘அதான்.’ தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். ஜன்னலைச் சாத்தவா, திறக்கவா என்றாலும் அதான். பதில் சொல்லிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அக்கா புரியாமல் நின்றால் கண் கலங்கிவிடும். மறுபடியும் சத்தமாக, “அதான்! அதான்!”

அடுத்த வாரம் அக்காவுக்குத் துணையாக நானும் டாக்டரிடம் போனேன். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். “பேச்சு திரும்பறதுன்னா பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துலதாம்மா. பயிற்சி குடுங்க.”

“ஆறு மாசம்னா எந்தத் தேதி வரைக்கும்?”

“அப்படித் தேதியெல்லாம் கிடையாதும்மா. தோராயமாச் சொல்றேன்.”

“நாளைக்கு வரைக்கும் திரும்பும், நாளன்னிக்குத் திரும்பாதுன்னு ஒரு நாள் இருக்கும்ல? அது எந்த நாளு?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. கடைசியில் மாமா விழுந்த தேதியிலிருந்து எண்ணி ஒரு நாளைச் சொல்லிவிட்டார் டாக்டர், இவர் எழுந்தால் போதும் என்று. அக்கா அந்த நாளை அப்படியே பிடித்துக்கொண்டார். தூக்குத் தண்டனைக்காரருக்குக் குறித்த நாள் போல அது அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

தஞ்சாவூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனார். படம் போட்ட அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். பசு, பானை, சூரியன். அக்கா ஒவ்வொன்றாக நீட்டுவார். பசுவும் அதான், சூரியனும் அதான். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

பிறகு கோயில் திருவிழா வந்தது. தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சாமிப் பாட்டுகள் முடிந்து சினிமாப் பாட்டுக்கு வந்திருந்தார்கள். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா கையில் கரண்டியோடு படியேறி ஓடிவந்தார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏத்தா, வா வா, கீழ வா! பாடுறாரு!”

“யாருக்கா?”

“அவருதான்! வாயத் தொறந்து பாடுறாரு!”

ஓடினேன். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். தெருவில் அவார்டுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடவே மாமா, கோணிய வாயால், ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். வேப்பம்பூ, வெயில், நிழல், ஊசல் எல்லாம் தெளிவாக வந்தன. பாட்டு முடிந்தது. அக்கா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, “என்னங்க, என்னங்க, எம் பேரச் சொல்லுங்க” என்றார்.

“அதான்” என்றார் மாமா.

இது எப்படி ஆகும் என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விடுவாரா? தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கேட்டார். பேசுவது மூளையில் ஓர் இடம், பாடுவது வேறு இடம். பேச்சு போனவர்களுக்குப் பாட்டு மிஞ்சுவது உண்டு என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு வழியாகவே மெல்லப் பேச்சைக் கொண்டுவரலாம், முயற்சி செய்து பாருங்கள், இடது கையைத் தட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள் என்றார்களாம்.

அன்றிலிருந்து காலையில் பல் துலக்கியதும் பாட்டு ஆரம்பிக்கும். அக்கா மாமாவின் இடது உள்ளங்கையைத் தன் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவார். ‘வேப்பம்பூ கொட்டுது வாசலிலே’ என்பது ‘வெந்நீரு வேணும் வாசலிலே’ ஆயிற்று. பத்து நாள் பிடித்தது. பதினோராம் நாள் மாமா தானாகவே, “வெந்நீரு வேணும் வாசலிலே” என்று பாடியபோது அக்கா சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. வெந்நீரை எடுத்துக்கொண்டு ஓடினார். எந்தச் சொல்லை மாற்றினாலும் அந்தக் கடைசி ‘வாசலிலே’யை மட்டும் மாமாவால் விட முடியவில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘தோசை போதும் வாசலிலே.’ ‘காலு வலிக்குது வாசலிலே.’ ‘ஃபேனைப் போடு வாசலிலே.’ நாங்கள் மூவரும் சிரித்த நாட்களும் இருந்தன. நான் இதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பத்து நாள் ஆயிற்று. அக்காவிடம் அத்தனை நாள் இல்லை.

நாலாவது மாதம் முடிவதற்குள் அவர் ஆளே மாறிவிட்டார். காலை ஆறு மணியிலிருந்து மாலை விளக்கு வைக்கும் வரை பாட்டு. மாமா களைத்துக் கண்ணை மூடினால் கன்னத்தைத் தட்டி எழுப்பினார். தான் சாப்பிடுவதை மறந்தார். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டான தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் வந்து, “ஒரே பாட்ட எத்தன தடவம்மா போடுவீங்க? காது போயிரும் போலருக்கு” என்றார்.

“ஏன் சார், பாட்டு புடிக்கலயா?”

“பாட்டு நல்ல பாட்டுதாம்மா. ஆனா…”

“நல்ல பாட்டுன்னா கேக்குறதுக்கு என்ன சார்?”

அவர் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சினிமாவில் பாட்டு வேகமாகப் போகிறது, மாமாவால் பிடிக்க முடியவில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. ஒரு கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி நடப்பதாகக் கேள்விப்பட்டு, அழைப்பில்லாத அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு இடைவேளையில் பாடகரைப் பிடித்தார். ஒல்லியான ஆள், கையில் தயிர்சாதத் தட்டு.

“அவார்டுப் பாட்டு இருக்குல்ல தம்பி, வேப்பம்பூ. அத ரொம்ப ரொம்ப மெதுவாப் பாடித் தரணும். மியூசிக் வேணாம்.”

“எதுக்குக்கா மெதுவா? தாலாட்டு மாதிரி ஆயிருமே.”

“எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிருச்சு. அதுக்குள்ள மட்டுந்தான் அவருக்கு வார்த்த இருக்கு. இன்னும் நாப்பத்தஞ்சு நாள்தான் தம்பி இருக்கு.”

அந்தப் பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிவந்தான். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற சத்தத்திலிருந்து தள்ளி நின்று, அக்காவின் போனில் பாடிக்கொடுத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. அப்படிக் கேட்டபோதுதான் அந்தப் பாட்டுக்கு ஏன் விருது கொடுத்தார்கள் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

ஐந்தாவது மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், நான் வேலைவிட்டு வரும்போது அக்கா என் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“எதுக்குக்கா இப்படி ஒடம்பக் கெடுத்துக்குறீங்க?” என்று கேட்டேன். “வெந்நீரு கேக்குறாரு, சாப்பாடு கேக்குறாரு. போதாதா? மெதுவா வரட்டுமே.”

“வெந்நீருக்காகவா நான் இந்தப் பாடு படுறேன்?” என்றார். “வெந்நீரு வேணும்னு அவரு மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியும்த்தா. அவருகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷமாக் கேக்கணும்.”

அன்றுதான் சொன்னார். மகன் இறந்தபோது மாமா வரவில்லை. கம்பெனியில் லீவு தரவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அக்காவும் நம்பினார். பதினோரு மாதம் கழித்து லீவில் வந்தார். படத்தின் முன்னால் நின்றார், மாலையைத் தொட்டார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதற்குச் சில நாட்களில் மாமாவோடு ஒரே ரூமில் இருந்த இலுப்பூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த இடத்தில் அவருக்கு வாய் தவறிவிட்டது. லீவு கொடுத்தார்களாம். அன்று ராத்திரிக்கே டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்களாம். மாமா பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாராம். கார் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம்.

“டிக்கெட்டு கையில இருந்துச்சு. ஏன் வரல?” என்றார் அக்கா, நான்தான் மாமா என்பது போல.

“போன்ல கேட்டிருக்கலாமேக்கா?”

“போன்ல கேக்குற கேள்வியா அது? பத்து தடவ வாயெடுத்தேன். அவருக்குத் தெரிஞ்சுபோச்சு போல. வந்து பேசிக்கிருவோம், வந்து பேசிக்கிருவோம்னாரு. வந்தாரு. இருவது நாள் நல்லா இருந்தாரு. நாந்தான் கேக்கல. ஒடம்பு தேறட்டும்னு விட்டேன் பாரு, அங்கதான் கெட்டேன்.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் போயிற்று. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அக்கா என்னைக் கூப்பிட்டார். “நீ கூட இரு. ஒத்தையில கேக்க எனக்கு தைரியம் பத்தல.”

மாமாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மாமாவின் இடது கையை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அந்த மெட்டில், மெதுவாக:

“டிக்கெட்டு இருந்துமே ஏன் வரல?”

மாமாவின் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அக்கா விடவில்லை.

“அதான்” என்றார் மாமா.

“அதான் இல்ல. அதான் சொல்லக் கூடாது. பாடுங்க. டிக்கெட்டு இருந்துமே ஏன் வரல?”

“அதான்… அதான்…”

எத்தனை முறை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த உள்ளங்கை சிவந்துபோயிற்று. மாமா அழுதார். அவர் வாயோரம் எச்சில் வழிந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. மகன் படத்துக்குக் கீழேயே இது நடந்தது. எனக்குத் தாங்கவில்லை. “விட்டுருங்கக்கா, பாவம்” என்றேன்.

“நீ பேசாம இரு!”

அவர் கண்ணைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் மாமாவின் வாய் அசைந்தது. தட்டுக்குத் தட்டு, ஒவ்வொரு சொல்லாக, அந்த மெட்டில் வந்தது.

“பாக்கல… பாக்கல…”

அக்கா தட்டிக்கொண்டே இருந்தார்.

“பாக்கலேன்னா… இருப்பான்… வாசலிலே.”

எனக்கு உடனே புரியவில்லை. அக்காவின் கை நின்றுவிட்டது. பாட்டாக இல்லாமல், சாதாரணக் குரலில் கேட்டார். “செத்தவனக் கண்ணால பாக்காம இருந்தா, அவன் இருந்துக்கிட்டே இருப்பான்னா வராம இருந்தீங்க?”

“அதான்” என்றார் மாமா.

அந்த ஆறு மாதத்தில் அவர் சொன்ன எத்தனையோ ‘அதான்’களில் அது ஒன்றுதான் சரியான இடத்தில் விழுந்தது.

அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். “நான் பாத்தேனே! ஒத்தையில நான்தானே பாத்தேன்! எனக்கு மட்டும் செத்துப்போனான்ல?” மாமாவின் மடியிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதார். மாமாவின் இடது கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது. பிறகு அக்காவின் எண்ணெய் காணாத தலைமேல் இறங்கியது.

அதன்பின் கீழ்வீட்டில் பாட்டு ஓடவில்லை. குறித்த நாள் வந்தது, போனது. அக்கா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. விடாமல் பயிற்சி கொடுத்திருந்தால் மாமாவுக்கு இன்னும் நாலு வார்த்தை வந்திருக்குமோ என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். அக்காவிடம் கேட்கவில்லை. நான் அந்த வீட்டைக் காலி செய்து திருச்சிக்கு வரும்வரை மாமாவிடம் இருந்தவை அந்த எட்டோ ஒன்பதோ வாக்கியங்கள்தான். அப்புறம் அந்தப் பாட்டு.

அந்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள் காலையில் அக்கா மேலே வந்தார். தலை குளித்து ஈரம் சொட்ட நின்றார். “லீவு போடுத்தா. ஆட்டோ சொல்லிருக்கேன். அவர ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும், எனக்கு ஒரு கை வேணும்.”

இலுப்பூர் தாண்டி மாமாவின் சொந்த ஊர். மகனை அங்கேதான் கண்மாய்க்குக் கீழே அடக்கம் செய்திருந்தார்கள். ஆட்டோவில் போகும்போது அக்கா சொன்னார். “நானும் அந்த எடத்தப் பாத்ததில்ல. பொம்பளைக வரக்கூடாதுன்னு தெரு முக்கோட நிறுத்திட்டாக. தூக்கிட்டுப் போறதத்தான் பாத்தேன்.” மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊரில் மாமாவின் பங்காளி ஒருவர் இருந்தார், அண்ணன் முறை. அன்று குழிக்குள் இறங்கிப் பையனைக் கிடத்தியவர் அவர்தான். எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கண்மாய்க்கரை இறங்கும் இடத்தில் நின்று, “தம்பிய நான் கூட்டிட்டுப் போயி காட்டுறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. பொம்பளைக அங்கிட்டு வரக்கூடாது” என்றார்.

“ஏன் மச்சான்?” என்றார் அக்கா.

“அது வழக்கம்மா.”

“வழக்கம்னா? நான் வந்தா என்ன ஆகும்?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார்.

அங்கே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மேடென்று எதுவும் இல்லை, எட்டு வருட மழையில் கரைந்து போயிருந்தது. பங்காளி இரண்டு மூன்று இடத்தில் நின்று நின்று பார்த்தார். பிறகு ஒரு பாறைக்கும் ஒரு பழைய வேலிக்காலுக்கும் நடுவில் போய், “இங்கதான். தல இங்கிட்டு, காலு அங்கிட்டு” என்று காட்டினார்.

நானும் ஆட்டோக்காரரும் மாமாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா முள்ளை ஒதுக்கிவிட்டு, மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். வெறும் மண்ணைத் தடவினார். மாமா அந்த இடத்தைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஏதோ சொல்ல வேண்டும், அது வரவில்லை. பிறகு அவரிடம் இருந்தது எதுவோ, அது வந்தது.

“வேப்பம்பூ கொட்டுது வாசலிலே…”

ஒரு காதல் பாட்டை, கல்யாண வீட்டுப் பாட்டை, அழுதுகொண்டே உரக்கப் பாடினார். பங்காளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா இது, இந்த எடத்துல போயி சினிமாப் பாட்டு? நிறுத்தச் சொல்லும்மா.”

அக்கா மண்ணிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

“அவருக்கு அழுவுறதுக்கு வேற வார்த்த இல்ல மச்சான். பாடட்டும்.”

மாமா முதல் சரணம் பாடினார். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பங்காளி தலையில் அடித்த வெயிலையும் மறந்து துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். முழுப் பாட்டும் முடியும்வரை அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.